வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே



தோழர்களே, மாணவ நண்பர்களே,

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். மணமாகும் பெண் கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். அந்த உரையை மேடைதோறும் நினைவுகூர்கிறோம். பாமாவின் 'சங்கதி'யைப் பாடமாகப் படிக்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டில் ஒருத்தி அடிபட்டால், 'அது புருஷன் பொண்டாட்டி சண்டை' என்று தெருவே ஒதுங்கிக்கொள்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதியில் ஷூ கம்பெனிகள் ஓடுவதே பெண்களின் உழைப்பில்தான். சம்பாதிக்கும் பெண் ஏன் அடி வாங்குகிறாள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. சம்பளம் வங்கிக்கு வருகிறது. ஏடிஎம் அட்டை கணவன் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக் கணக்கில் தைப்பவருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. அவள் கூலியைப் பறிப்பதும் வன்முறைதான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அதற்குப் பொருளாதார வன்முறை என்றே பெயர் வைத்திருக்கிறது.

'தோல் ஷாப்பில் அவமானப்பட்டவன் வீட்டில் கோபத்தைக் காட்டுகிறான்' என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். அதே கம்பெனியில் அவளும்தான் நிற்கிறாள், சூப்பர்வைசரிடம் அவளும்தான் திட்டு வாங்குகிறாள். அவள் யாரையும் அடிப்பதில்லை.

அப்படியிருந்தும் அவள் ஏன் புகார் தருவதில்லை? காவல் நிலையத்தைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டும் இடமாகவே நம் மக்களில் பலர் அறிந்திருக்கிறார்கள். 'உள்ளே வைத்து அவரை அடித்துவிடுவார்கள், சேரிக்கும் கெட்ட பெயர் வரும்' என்று அவள் அஞ்சுகிறாள். அனுபவத்திலிருந்து வந்த இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதைக் காட்டி அவளை வாய்மூடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இங்கேதான் இந்தச் சட்டத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டம், யாரையும் சிறையில் தள்ளுவதிலிருந்து தொடங்குவதில்லை. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும், குழந்தை தாயிடம் இருக்க வேண்டும் என்று நடுவர் உத்தரவிடலாம். அவசரமென்றால் இடைக்கால உத்தரவும் உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். காவல் நிலையம் போகாமலே மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். கொலை மிரட்டலோ பெருங்காயமோ இருந்தால் காவல்துறையிடம் போகும் உரிமை அப்படியே இருக்கிறது.

வீடு மாமியார் பெயரில் இருப்பதால் உரிமை இல்லை என்பார்கள். கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும், அவள் குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர் திருப்பத்தூரிலும் பேரணாம்பட்டு வேலூரிலும் இருக்கின்றன. பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் வருபவர் எங்கே மனு போடுவது? வசிக்கும் இடம், தற்காலிகமாகத் தங்கிய தாய்வீடு, வேலை செய்யும் ஊர் என எங்கும் போடலாம். வக்கீல் கட்டணம் வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும். இரவு பகல் எந்நேரமும் 181 எண்ணில் அழைக்கலாம்.

சட்டம் எளிது, நடைமுறை கடினம். 60 நாளில் முடிக்க முயல வேண்டிய வழக்குகள் இழுத்துக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அந்த இடத்தில்தான் நம் இயக்கம் நிற்க வேண்டும்.

மாணவர்களே, சட்டத் தன்னார்வலராகப் பதிவு செய்யுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். தைத்த ஜோடிகளைக் குறித்த நோட்டையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரப்படுத்த உதவுங்கள். வாய்தா நாளில் கூடப் போங்கள். தோழர்களே, ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசி அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலையை நம் அமைப்புகள் செய்யக் கூடாது. அடிப்பவர் நம் பொறுப்பாளராக இருந்தாலும், அவள் பக்கமே நாம் நிற்க வேண்டும்.