பத்திரிகை நீதிபதியாகலாமா?

(குற்றச் செய்திகளும் சமுதாயமும் என்னும் பொருள்பற்றி ஆற்றப்பட்ட சொற்பொழிவின் வடிவம்)



பத்திரிகைத் தொழிலைப் பழிப்பதற்காக நான் இம்மேடையில் ஏறவில்லை. 2000ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனும், 2005இல் கொழும்பில் தர்மரத்தினம் சிவராமும், 2009இல் லசந்த விக்கிரமதுங்கவும் கொல்லப்பட்டதை நாம் மறந்தோமல்லோம். எழுத்து சுதந்திரமாக இருத்தல் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆயினும், அதிகாரத்தை நோக்கிக் கேள்வி கேட்க வேண்டிய அதே பேனா, விலங்கிடப்பட்டு நிற்கும் ஏழையைக் கண்டதும் நீதிபதியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துகொள்வது நியாயமா? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

இந்நாட்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை என்ன கூறுகிறது? குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென்றே கொள்ளப்படல் வேண்டும் என்கிறது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் என்ன கூறுகிறது? பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் செய்த குற்ற ஒப்புதலை அவருக்கெதிராக எண்பிக்கக் கூடாது என்கிறது. பூட்டிய அறைக்குள் ஒப்புதல் எவ்வாறு பெறப்படும் என்பதை ஆங்கிலேயன் காலத்துச் சட்டமே அறிந்திருந்தது! 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் காப்பை உடைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த ஒப்புதலே போதுமென்றது. அதன் கொடுமையை அனுபவித்த நாம், அதனை நீக்கும்படி ஆண்டாண்டாகக் குரல் எழுப்புகின்றோம்.

ஆனால், நீதிமன்றம் ஏற்க மறுக்கும் அந்த ஒப்புதலை, “சந்தேக நபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்” என்று முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுவது யார்? நமது பத்திரிகைகளேயன்றோ!

கொட்டதெனியாவ தரும் பாடம்

2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதும் நிரம்பாத ஒரு சிறுமி கொலையுண்டாள். நாடு கொதித்தது. கொதித்ததில் வியப்பில்லை. முதலில் பதினேழு வயது மாணவன் ஒருவனும் இன்னொருவரும் பிடிக்கப்பட்டனர். மரபணுப் பரிசோதனை அவர்களைச் சுத்தவாளிகள் எனக் காட்டியது. அடுத்து வேறொருவர் பிடிக்கப்பட்டார். அவர் ஒப்புதல் அளித்துவிட்டார் என்றே செய்தி வந்தது. அவருடைய பட்டப்பெயர் நாடெங்கும் வசைச்சொல்லாயிற்று. மரபணு அதனையும் மறுத்தது! ஈற்றில் அவருடைய சகோதரனே குற்றவாளியெனக் கண்டு, 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது.

மரபணுப் பரிசோதனை என்ற ஒன்று இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஊடகம் எழுதிய தீர்ப்பே நிலைத்திருக்கும். உண்மைக் குற்றவாளி ஊருக்குள் உலாவியிருப்பான்.

குருநாகலில் நடந்தது இதனினும் கொடிது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஒரு மாதம் கழிந்த வேளை, 2019 மே 23ஆம் நாள், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று சிங்கள நாளிதழொன்று முதற் பக்கத்தில் எழுதியது. மறுநாளே குருநாகல் மருத்துவமனை மருத்துவர் கைதானார். இங்கே குற்றம் செய்தியாகவில்லை; செய்தியே குற்றத்தைப் படைத்தது! அதற்குச் சான்று கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25இல் அவர் பிணையில் வந்தார். பின்னர் அரசாங்கம் அவரை மீண்டும் சேவையிற் சேர்த்தது. நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்குமாறு அவர் நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதரின் பெருந்தன்மையைப் போற்றுவோம். ஆனால், ஓர் இனத்தின்மீது மற்றோர் இனம் கொண்ட ஐயத்தை எந்த நீதிமன்றம் துடைக்கும்?

பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாது கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். தவறு தெரிந்த கணமே அரியணையில் வீழ்ந்து உயிர் துறந்தான். நமது பத்திரிகைகளோ தவறு தெரிந்தபின் உட்பக்கத்தின் மூலையில் நான்கு வரி வருத்தம் தெரிவித்து, அடுத்த கோவலனைத் தேடப் புறப்படுகின்றன!

நம் வீட்டுக் குப்பை

இனி, நம் பக்கம் திரும்புவோம். தென்னிலங்கைப் பத்திரிகைகள் நம் பிள்ளைகளை விசாரணையின்றியே பயங்கரவாதிகள் என்று எழுதியபோது நாம் துடித்தோம். அதே அநீதியை நமது ஏடுகள் நம்மவர்க்குச் செய்யும்போது மௌனம் சாதிக்கலாமா?

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். அவ்வாறிருந்தும் அப்பிள்ளையின் உடலைக் காட்டும் படங்கள் கைத்தொலைபேசிகளிலும் இணையத்திலும் பரவின. செத்தபின்னும் அவளுக்கு மானம் இல்லையா? மே 20இல் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின்மீதே கல் வீசப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகினர். ஆனால் நீதி வந்தது கல்லால் அன்று. மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் சாட்சிகளை ஆராய்ந்து, 2017 செப்டெம்பர் 27இல் எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. எதிரிகளாக நிறுத்தப்பட்ட எல்லோரும் தண்டிக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். கைதான அனைவரும் குற்றவாளிகள் என்றால் விசாரணை எதற்கு?

யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக் குழுக்களைப் பாருங்கள். தெருவோரத்து இளைஞர் சிலருக்குக் குழுப் பெயரும், தலைவன் பட்டமும், படத்தோடு புகழும் வழங்கியதில் நம் ஏடுகளுக்குப் பங்கில்லையா? வேலையும் மதிப்பும் இல்லாத வாலிபனுக்கு, அஞ்சப்படுவதும் ஒருவகை மதிப்பாகவே தோன்றும். வாளைத் தூக்கினால் பத்திரிகையில் வரலாம் என்று அவனுக்குக் கற்பிக்காதீர்கள்.

ஏன் இவ்வாறு நடக்கிறது? பொலிசாருக்குத் தம் திறமையைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். பத்திரிகைக்கு விற்பனைக்கு ஒரு கதை வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டவனுக்கு வாயில்லை. “பொலிசார் தெரிவித்தனர்” என்ற இரு சொற்களைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டு எதையும் எழுதலாம் என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியபோது, தொலைக்காட்சிக் கமராக்களும் பொலிசாருடன் ஏழைகளின் வீடுகளுக்குட் புகுந்தன. அவ்வீட்டுப் பிள்ளை மறுநாள் எந்த முகத்தோடு பள்ளிக்குச் செல்லும்?

இன்னுமொன்று. சாட்சி அடையாள அணிவகுப்பில் சந்தேக நபரைக் காணுமுன் அவருடைய படத்தை வெளியிட்டால், “சாட்சி பத்திரிகையைப் பார்த்தே அடையாளம் காட்டினார்” என்று எதிரித் தரப்பு வாதிடும், வழக்கு தளரும். ஆத்திரத்தில் அச்சிட்ட படம் குற்றவாளிக்கே கவசமாகும்!

ஆகவே நம் தமிழ் ஏடுகளிடம் நான் வேண்டுவன நான்கு. வழக்குத் தொடரப்படுமுன் சந்தேக நபரின் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள். பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதலை உண்மையென எழுதாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காப்பாற்றுங்கள். கைதான செய்திக்கு எத்துணை இடமோ, விடுதலையான செய்திக்கும் அத்துணை இடம் தாருங்கள்.

வாசகர்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரத்தம் தோய்ந்த தலைப்பை நாம் காசு கொடுத்து வாங்கும்வரை அது அச்சாகிக்கொண்டே இருக்கும். நமக்கு நீதி வேண்டுமென உலகின் கதவுகளைத் தட்டும் இனம் நாம். கேட்கும் நீதியை முதலில் நம்மிடையே அகப்பட்ட எளியவனுக்கு வழங்குவோம்.