ஏற்பதும் எதிர்ப்பதும்

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

நான் பழனி மலைத்தொடரில் உள்ள கூக்காலில் பிறந்தவள். பூம்பாறையும் மன்னவனூரும் எங்கள் அக்கம்பக்கத்து ஊர்கள். சின்ன வயதிலேயே இளம்பிள்ளைவாதம் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. காலிப்பர் மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் கிருமியால் அந்த நோய் கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. சொட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய செவிலியர்களை இந்த மேடையில் நின்று கும்பிடுகிறேன்.

என்னைப் போன்றவர்களிடம் ஊரார் அன்போடு சொல்வது, "விதின்னு ஏத்துக்கம்மா, தைரியமா இரு." ஆனால் எதை ஏற்க வேண்டும், எதை ஏற்கக் கூடாது என்று எவரும் சொல்வதில்லை. வாழ்ந்துதான் அதைக் கற்றேன். இன்று உங்களிடம் சொல்ல விரும்புவதும் அது ஒன்றைத்தான்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். 1954-ல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் அப்போது அங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தார். நோயால் மடங்கிப்போன விரல்களை, நன்றாக இயங்கும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்து மறுபடி இயங்க வைக்கும் சிகிச்சை அது. அதை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைக் கற்று, மற்றவர்களின் கைகளை மீட்டுக் கொடுத்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தெடுத்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இனி நடக்க முடியாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்பவர் நின்றுதான் ஆக வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய வாழ்க்கை.

எங்கள் ஊரில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற நிலமெல்லாம் சரிவுதான். சமவெளி என்று எண்ணி உழுதிருந்தால் முதல் மழையிலேயே மண் ஓடிப்போயிருக்கும். இது சரிவு என்று ஒப்புக்கொண்ட எங்கள் முன்னோர், கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, அடுக்கடுக்காக நிலம் திருத்தினார்கள். உடம்பை ஏற்றுக்கொள்வதும் இப்படித்தான். உள்ளதை உள்ளபடி பார்த்த பிறகுதான் வேலை தொடங்கும்.

அது ஒரே நாளில் கைகூடுவதும் இல்லை. மனம் ஆறிவிட்டது என்று நினைத்திருப்போம். பண்டிகை நாளில் தங்கை துள்ளி ஓடுவதைப் பார்த்ததும் தொண்டை அடைக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். அழுகை வந்த நாளிலும் காலிப்பரின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். நான் அறிந்த மனத்திண்மை அவ்வளவுதான்.

தென்காசி அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரு சென்றார். அங்கே நடந்த உடற்தகுதித் தேர்வின்போது கீழே விழுந்ததில், கழுத்துக்குக் கீழே அவர் உடல் செயலிழந்தது. தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், 1981-ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்துக் குழந்தைகளின் வீட்டுக்கே மறுவாழ்வுப் பயிற்சி போய்ச் சேர வேண்டும் என்று அந்த நிறுவனம் உழைக்கிறது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒருவருடைய மன உறுதி பலருக்கான ஏற்பாடாக மாறியதுதான் இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏனென்றால், மன உறுதியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமல்ல. இந்த மலைத்தொடருக்குப் பெயர் தந்த பழனியையே பாருங்கள். கோயிலுக்கு 693 படிகள். 1966-ல் வின்ச் வந்தது. 2004-ல் ரோப் கார் வந்தது. அவற்றில் ஏறிப்போகும் பாட்டியின் பக்தியை யாரும் குறைவாக மதிப்பதில்லை. ஏறும் வழியை மாற்றினோம், சந்நிதி எல்லோருக்கும் பொதுவாயிற்று. அந்த நியாயம் பள்ளிக்கும் வங்கிக்கும் பேருந்துக்கும் ஏன் பொருந்தாது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. அரசு வேலையில் 4 விழுக்காடும், அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் ஒதுக்கியது. சட்டம் தாளில் இருக்கிறது. அதைத் தரைக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் நீங்கள்.

உங்களில் கட்டடம் கட்டப்போகிறவர்களே, சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் அது சக்கர நாற்காலியைக் கவிழ்க்கும். ஆசிரியராகப் போகிறவர்களே, நடக்கச் சிரமப்படும் குழந்தை இருந்தால் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். விளையாட்டு நேரத்தில் அந்தக் குழந்தையைப் பைகளுக்குக் காவல் வைக்காதீர்கள். அலுவலகத்தில் அமரப்போகிறவர்களே, சான்றிதழுக்காக ஒருவரை மூன்றாம் முறை மலையிறங்க வைக்காதீர்கள்.

குறைபாட்டோடு வாழும் என் தம்பி தங்கைகளே, உங்கள் உடம்போடு சமாதானமாக இருங்கள். வழியை மறிக்கும் எதனோடும் சமாதானம் வேண்டாம். உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம். உரிமையைக் கேட்பதில் தயக்கமும் வேண்டாம். மற்ற பிள்ளைகளே, அவர்கள் கேட்கும்போது பக்கத்தில் நின்று நீங்களும் கேளுங்கள்.

பட்டம் பெற்ற எல்லோருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.