தேர்க்கால் முதல் சிப்காட் வரை

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மெக்கானிக்கல்காரன் வந்துட்டான், மெஷினைப் பத்தித்தான் அறுப்பான்" என்று பின்வரிசையில் எழுந்திருக்கப் பார்க்கும் தம்பிகள் கொஞ்சம் உட்காரணும். செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "காலந்தோறும் இலக்கியம்". உலக இலக்கியம் பேசுகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. 2011இல் இங்கே பட்டம் வாங்கியதிலிருந்து ஓசூரில் ஷிப்டு பார்க்கிறவன். அதனால் தருமபுரியில் தொடங்கி ஓசூர் வரை, நம்ம பஸ் ரூட்டிலேயே இலக்கியத்தைப் பார்த்துவிடுவோம்.

தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனைப் பாடிய ஔவையாரைப் பள்ளிக்கூடத்தில் நெல்லிக்கனியோடு முடித்துவிடுகிறோம். எனக்குப் பிடித்தது வேறு பாட்டு. பகைவர்களே, எங்கள் தலைவனோடு மோதாதீர்கள் என்று எச்சரிக்கும் ஔவையார், அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒரு தச்சனைக் கூப்பிடுகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் முழுக்கச் செலவழித்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? அப்படிப்பட்டவன் என்கிறார். புரொடக்‌ஷனும் குவாலிட்டியும் ஒரே உவமையில்! இதைப் பாடியவர் பட்டறையில் நின்று வேலையைப் பார்த்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொன்று, தொண்டைமானிடம் தூது போன பாட்டு. அவன் தன் ஆயுதக் கிடங்கைப் பெருமையாகக் காட்டுகிறான். எண்ணெய் பூசி, மயிற்பீலி சூட்டி, பளபளவென்று இருக்கிறது. ஔவையார் பாராட்டுவது போலவே சொல்கிறார்: உன்னுடையது அழகாக இருக்கிறது, எங்கள் ஆளுடையதெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. அதாவது, வேலை செய்த கருவிதான் ரிப்பேருக்கு வரும். மெயின்டனன்ஸ் பகுதியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்தத் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். அந்தப் போரைப் பற்றித் "தகடூர் யாத்திரை" என்று தனி நூலே இருந்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்காலத் தொகுப்பிலும் உரைகளிலும் மாட்டிக்கொண்ட சில பாடல்கள்தான் மிச்சம். நம்ம ஊர் பெயரையே தலைப்பில் வைத்திருந்த புத்தகத்தை நாமே தொலைத்துவிட்டோம்.

அதியமான் இறந்தபின் அவனுக்கு நட்ட கல்லைப் பார்த்தும் ஔவையார் பாடினார். ஓலை போயிற்று, ஆனால் கல் நட்ட வழக்கம் இந்த மண்ணில் பல நூற்றாண்டு நின்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் போனால் நடுகற்கள் ஏராளம். பலவற்றில் வட்டெழுத்து. யார் ஆட்சி, எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர் மாட்டை யார் கவர்ந்தார்கள், மீட்கப் போய்ச் செத்தவன் பெயர் என்ன... நாலைந்து வரியில் முடிந்துவிடும். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் கோவிவன் என்ற நாயும் இருக்கிறது. திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய்! ராஜாவின் மெய்க்கீர்த்தியைவிட எனக்கு இந்த நாய்தான் பெரிய இலக்கியம். செத்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஆட்கள். அவர்கள் பெயரைக் கல்லில் எழுத இந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறதே!

நடுவில் போசளர், விஜயநகரம், மைசூர் என்று ஆட்சிகள் மாறி, 1792இல் பாராமகால் கம்பெனிக் கைக்குப் போனது. விரிவாகப் பேச நேரமில்லை. ஆனால் அதனால்தான் ஓசூர் டீக்கடையில் தமிழில் ஆர்டர் கொடுத்து, தெலுங்கில் பேசி, கன்னடத்தில் சில்லறை வாங்குகிறோம். பாகலூர் ரோட்டிலேயே போனால் மாலூர். அந்தத் தாலுகாவில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசியவர், எழுதியது கன்னடத்தில். "சிக்கவீர ராஜேந்திர" நாவலுக்கு 1983ஆம் ஆண்டின் ஞானபீடம் பெற்றார். எல்லை மாநிலத்துக்குத்தான்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் கதை வேறு மாதிரி. 1887இல் ஹோசே ரிசால் தம் மக்களின் துயரத்தை நாவலாக எழுதினார், ஆள்பவர்களின் ஸ்பானிய மொழியில். யாருக்காக எழுதினாரோ அவர்களில் பெரும்பாலோரால் அதைப் படிக்க முடியவில்லை. பிறகு அமெரிக்கர் வந்து ஆங்கிலம் வந்தது. நமக்கு மொழி அறுபடவில்லை. அறுபடாததை வைத்து என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி ஒன்று செய்தார். அரசியலை விடுங்கள், அதில் அவரோடு எனக்கும் சண்டை உண்டு. "சக்கரவர்த்தித் திருமகன்" நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1916இல், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கச் சேலத்தில் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார் என்பதைத்தான் இன்ஜினியரிங் படிக்கிறவன் தெரிந்துகொள்ளணும். பிற்பாடு வேதியியலையே திண்ணைப் பேச்சாக எழுதினார்.

பிறகு வந்தது நம்ம காலம். சிப்காட், 1980 வாக்கில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., அப்புறம் டைட்டன். அந்த ஊரில் இருந்துகொண்டுதான் ஆதவன் தீட்சண்யா கவிதையும் கதையும் எழுதி, "புதுவிசை" இதழையும் நடத்தினார். பா. வெங்கடேசன் ஆயிரம் பக்கத்துக்கு "தாண்டவராயன் கதை" எழுதி 2008இல் வெளியிட்டார். இருவரையும் எங்கள் ஷிப்டில் படித்தவர்கள் மூன்று பேர் கூட இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஷாப் ஃப்ளோர்? 1980களில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஒரு சால்வை, ஒரு வாட்ச், ஒரு குரூப் போட்டோ. லேத்தின் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைச் சொன்ன கைகள் அவை. அந்த வாழ்க்கையை எழுதியது எவ்வளவு? மாடு மீட்கச் செத்தவனுக்கு நாலு வரி எழுதிய ஊரில், நாற்பது வருஷம் இரும்போடு வாழ்ந்தவனுக்கு நாலு வரி இல்லை. இப்போது ஹாஸ்டலில் தங்கி போன் பாகங்கள் பொருத்துகிற பெண் பிள்ளைகளின் கதையும் அப்படியே போய்விடக்கூடாது.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெரியவர்கள் பேசும்போது குறித்தவை: பிசிறு, மரை, கடைசல், அரம் பிடிப்பது என்று சொற்கள், கூடவே சொன்னவர் சேர்ந்த வருஷமும் அவர் சொன்ன கதையும். இதுவரை 61 பேர். நோட்டின் நகலை இன்று நம் நூலகத்தில் கொடுத்திருக்கிறேன், பின்பக்கங்கள் காலியாகத்தான் இருக்கின்றன.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு நடுகல் பார்க்கப் போகிறோம். காலை ஏழு மணி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு. தொப்பி, தண்ணீர், நோட்டு, பேனா. கல்லைச் சுரண்டக் கூடாது, ஆணி கொண்டுவரக் கூடாது. வட்டெழுத்து படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வருகிறார், மதியச் சாப்பாடு என் பொறுப்பு.