களை எடுக்கும் காலம்



ஈப்போவுக்குப் போனால், புந்தோங் பக்கம் எட்டிப் பார்த்து இரண்டு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த நம்மவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வறுத்து விற்கும் பண்டம் அது. ஆனால் அதில் கலந்திருக்கும் பட்டாணி நம் பேராக்கில் விளைந்ததல்ல. பட்டாணிக்குக் குளிர் வேண்டும். கனடா போன்ற நாடுகளில் விளைந்து, செடியிலேயே காய்ந்து, கப்பலேறி உலகெங்கும் போகிற தானியம் அது.

அந்த விவசாயிக்குப் பெரிய கவலை களைதான். பட்டாணிக் கொடி மெலிந்தது. நிலத்தை மெல்லத்தான் மூடும். முளைத்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் களை முந்திக்கொண்டால், பிறகு எவ்வளவு மருந்து அடித்தாலும் போன விளைச்சல் திரும்பாது. ஆகவே விதைப்பதற்கு முன்பே நிலத்தைச் சுத்தம் செய்கிறார். பட்டாணியை விட்டுவிட்டுக் களையை மட்டும் தாக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றையும் செடி இளசாக இருக்கும்போதே, பூவெடுக்குமுன் அடித்துவிட வேண்டும். அறுவடைக்குச் சற்று முன்பு எஞ்சிய களைக்காகக் கிளைபோசேட் அடிக்கிறவர்கள், மணியின் ஈரம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மருந்து மணியில் தங்கிவிடும்.

கனடாக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் பின்னால் நாம் கம்பு நட்டு ஏற்றுகிற பயத்தங்காயும் பட்டாணிக் குடும்பம்தான். அதற்கும் முதல் சில வாரங்களில்தான் ஆபத்து.

ஒரு வருடம் எங்கள் பள்ளித் தோட்டத்தில் பயத்தங்காய் போட்டோம். பாத்தியைச் சரியாகக் கொத்தவில்லை. பத்தாம் நாள் பார்த்தால் லாலாங் ஊசி ஊசியாக நிற்கிறது! ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து சோடாப் போத்தலில் கொஞ்சம் கிளைபோசேட் வந்தது. நாங்களும் யோசிக்காமல் வரிசைகளுக்கு நடுவே அடித்தோம். காற்றில் சாரல் பயிர் மேலும் விழுந்தது. ஒரு வாரத்துக்குள் லாலாங்கோடு பயறும் மஞ்சளாகிச் சாய்ந்தது. இந்த மருந்துக்குப் பயிர், களை என்ற பேதம் தெரியாது. பச்சை இலை வழியே இறங்கி வேர்வரை போகும்.

பயறு போனது பெரிதல்ல. அந்தப் போத்தல் ஒரு குழந்தையின் புத்தகப் பையில் வந்தது என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

தோட்டங்களில் நம் பெண்கள் பல வருடம் முதுகில் பம்பு சுமந்து அடித்த பாராகுவாட் இதைவிடக் கொடியது. ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. அதற்குத் தடை வரும் என்று அரசாங்கம் 2002-இல் அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. இத்தனை வருடம் எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் தடை வந்ததால் வீட்டில் கிடக்கும் பழைய போத்தல் தானாக மறைந்துவிடாது. பரணிலும் குளியலறை மூலையிலும் தேடுங்கள். கிடைத்தால் காலுவாயில் ஊற்ற வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவில் கேளுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்று காத்திராமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது எங்கள் பாத்திக்கு மருந்தே இல்லை. மண்ணை ஆழக் கொத்தி, லாலாங்கின் வெள்ளைக் கிழங்குகளைத் துண்டு விடாமல் பொறுக்கி வெயிலில் காயப் போடுகிறோம். துண்டு தங்கினால் அதுவே மறுபடி முளைக்கும். பிறகு பாத்தியை நனைத்துப் பத்து நாள் சும்மா விடுகிறோம். உள்ளே கிடக்கும் களை விதைகள் முளைத்து வரும். அவற்றை மேலாகச் சுரண்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பயறு ஊன்றுகிறோம். இரண்டாம் வாரம் ஒரு முறை, நாலாம் வாரம் ஒரு முறை கையால் களை எடுத்தால் போதும். அதற்குள் கொடி கம்பேறிவிடும். ஐம்பது நாளில் பிள்ளைகள் காய் பறித்து வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள்.