நேக் சந்தின் பொம்மைத் தோட்டம்



இன்று நேக் சந்த் என்ற உழைப்பாளியை நினைத்துப் பார்ப்போம். சண்டிகர் நகரில் அவர் சாலை ஆய்வாளர். மனைவி, மக்கள் உள்ள குடும்பஸ்தர்.

பகலில் அரசு வேலை. வேலை முடிந்ததும் சைக்கிளில் போவார். கல், உடைந்த வளையல், பீங்கான் துண்டு எல்லாம் பொறுக்கி வருவார். காட்டுக்குள் அவற்றை வைத்துப் பொம்மைகள் செய்தார்.

அது அரசு நிலம். தெரிந்தால் வேலை போகும். ஆகவே 1957 முதல் பல ஆண்டுகள் ஊருக்குச் சொல்லாமல் உழைத்தார்.

பிறகு அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடித்துவிடுவார்களோ என்ற பயம் வந்தது. பார்த்த மக்களோ வியந்தார்கள். 1976இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது.

அவர் 2015இல் காலமானார். தோட்டம் இருக்கிறது. குப்பை என்று நாம் எறிவதை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமா?