அத்திப் போத்தும் ஆடிக் காற்றும்

அத்தி என்றதும் பலருக்கு ஆற்றங்கரையில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்திதான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது மளிகைக் கடையில் மாலையாகக் கோத்துத் தொங்குகிறதே, அந்தச் சீமை அத்தியைப் பற்றி. புனே பக்கத்துப் புரந்தர் வட்டாரத்து அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் நம் விருதுநகர்ப் பக்கம் போல மழை குறைந்த பூமிதான். வளர்ந்த அத்தி மரம் காய்ந்த காற்றுக்கு அசையாது. கன்று அப்படியல்ல.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போட்டால் முளைக்குமா? முளைக்கலாம். துருக்கியிலிருந்து வரும் பழம் பெரும்பாலும் ஒரு சின்னக் குளவி மகரந்தம் கொண்டுபோய்ச் சேர்த்ததால் பழுத்தது. அதன் விதையில் எழும் கன்றுகளில் பாதிக்குப் பாதி ஆண். மீதியிலும் பல, குளவி வந்தால்தான் காய்க்கும். குளவிக்கு எங்கே போவது? ஆகவே குளவி இல்லாமலே காய்க்கிற மரமாகப் பார்த்து, முருங்கைக்குச் செய்வது போலப் போத்து வெட்டி நடுவதுதான் வழி. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த கரிந்த அத்திப்பழங்களை வைத்து, பதினோராயிரம் ஆண்டுக்கு முன்பே மனிதன் இப்படிப் போத்து நட்டிருக்கிறான் என்று 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு நம்பத்தான் ஆசை.

மார்கழி, தை மாதங்களில் மரம் இலையைக் கொட்டிவிட்டுச் சோம்பி நிற்கும்போது வெட்டுங்கள். போன வருடம் வளர்ந்து முற்றிய கிளை, சுண்டுவிரல் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், வேர் அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும். வெட்டியதும் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பால் காயும் வரை நிழலில் வைத்துவிட்டு நடலாம். வேர் ஊக்கி மாவு இருந்தால் தொட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் அத்தி வேர்விடும், அதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம்.

நடுவதற்கு நான் தென்னை நார்க்கழிவும் மணலும் பாதிக்குப் பாதி கலக்கிறேன். நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்குவது முக்கியம். ஈரம் எவ்வளவு? ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழலாம். ஒழுகினால் அதிகம். அத்திப் போத்து காய்ந்து செத்ததைவிட அழுகிச் செத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நட்ட பிறகு மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்து, வெளிச்சமுள்ள நிழலில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் இலை வரும். அங்கேதான் நான் முதல் வருடம் கோட்டை விட்டேன். பன்னிரண்டு போத்திலும் குழந்தையின் உள்ளங்கை அளவு இலை. வேர் பிடித்துவிட்டது என்று ஒரு காலையில் பையை எல்லாம் உருவி, மொட்டை மாடியில் வரிசையாக வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் அத்தனையும் வேகவைத்த கீரை மாதிரி தொங்குகின்றன. பதறிப்போய்க் குடம் குடமாக ஊற்றினேன். ஒரு வாரத்தில் அடி அழுகிப் போயிற்று. நாற்றங்காலில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இலையப் பாத்து ஏமாந்துட்டீங்களே தம்பி. அது குச்சிக்குள்ள இருந்த சேமிப்பத் தின்னு வந்த இலை. வேரு இனிமேதான் வரும்.”

அதிலிருந்து ஒன்றிரண்டு போத்தையாவது ஒளி ஊடுருவும் தண்ணீர் பாட்டிலில் நட்டு, சுற்றிக் கறுப்புத் தாள் கட்டிவிடுகிறேன். தாளை விலக்கிப் பார்த்தால் போதும். முதலில் சேமியா போல வெள்ளை வெளேரென்று ஒரு வேர் பாட்டில் சுவரைத் தொடும், பிறகு அது கிளை பிரிந்து லேசாகப் பழுப்பேறும். பழுப்பேறிய பிறகுதான் பையில் கை வைப்பேன்.

வேர் வந்துவிட்டால் மட்டும் போதாது. பைக்குள் ஈரக் காற்றிலே பிறந்த இலைக்கு மேல்தோலில் மெழுகுப் பூச்சு மெலிவு. அதன் துளைகளுக்குச் சட்டென்று மூடிக்கொள்ளவும் தெரியாது. காய்ந்த காற்று பட்டால் உள்ளிருக்கும் நீரெல்லாம் போய்விடும். அதனால் கன்றை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். இதை நாற்றங்கால்காரர்கள் ‘ஹார்டனிங்’ என்கிறார்கள். நான் வெளிக்காற்றுக்குப் பழக்குவது என்று சொல்வேன். பல கையேடுகள் காலை இளவெயிலில் தொடங்கச் சொல்கின்றன. நம் வறண்ட ஊருக்கு அது சரிவராது. இங்கே காற்றில் ஈரம் இருப்பது பின்னிரவில்தான். அதனால் முதல் மூன்று நான்கு நாள் பொழுது சாய்ந்ததும் பையைக் கழற்றி, விடிந்து காற்று சூடேறுமுன் திரும்பக் கவிழ்க்கிறேன். பிறகு பையில் விரல் நுழைகிற ஓட்டை, இரண்டு நாளுக்கு ஒன்றாக. பத்துப் பன்னிரண்டு நாளில் பை சல்லடையாகிவிடும், அப்போது எடுத்துவிடலாம். இதுவரை எல்லாம் நிழலில்தான். காற்றுக்குப் பழகிய பிறகுதான் வெயில், அதுவும் நிழல்வலைக்கடியில் காலை ஒரு மணி நேரம் மட்டும். இரண்டையும் ஒரே நாளில் அதன் தலையில் கட்டாதீர்கள்.

நடுவே இலை துவண்டால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம், பையைத் திரும்பக் கவிழ்த்து, பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிய மாசி கடைசி ஆகிவிடும். உடனே நிலத்தில் இறக்கக் கை பரபரக்கும். பொறுங்கள், அடுத்து வருவது பங்குனி, சித்திரை. அதைத் தாண்டினாலும் ஆடிக் காற்று இருக்கிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வெறுங்கையோடு, காய்ந்து, வீச்சாக வரும் மேற்குக் காற்று. இளங்கன்றின் இலையோரத்தைத் தீய்த்துவிடும். நான் பெரிய நாற்றுப் பைக்கு மாற்றி நிழல்வலைக்கடியிலேயே ஆவணி வரை வைத்திருந்து, புரட்டாசியில் முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நடுகிறேன். இரண்டடிக் குழி, மக்கிய தொழு உரம், வேரைச் சுற்றிச் சருகு மூடாக்கு, மேற்கே ஒரு பனையோலைத் தட்டி.

போன வருடம் அப்படி நட்ட ஐந்தில் நான்கு நிற்கின்றன. ஒன்றில் காய் கனிந்து வந்தது. நாளைக்குப் பறிக்கலாம் என்று இருந்தேன். அன்றைக்கே அணில் முந்திக்கொண்டது. இப்போது காய்க்கு ஒரு துணிப்பை தைத்துக் கட்டியிருக்கிறேன்.