தூங்குவது வேடந்தாங்கலில், சாப்பிடுவது நம்ம ஏரியில்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது ஒரு பத்து நிமிடம் பறவைகளைப் பற்றிப் பேசுவோம். "இதுக்கும் குழுவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

நம்ம மதுராந்தகம் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஆயிரக்கணக்கில் பறவைகள் வருகின்றன. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா இவையெல்லாம் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். ஊசிவால் வாத்து போன்றவை வடக்கே குளிர் தாங்காமல் இங்கே வந்து தங்கிவிட்டுத் திரும்பிப் போகும். 2022-இல் இந்த ஏரி ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

முதலில் இவற்றைக் காப்பாற்றியது அரசாங்கம் இல்லை, ஊர் ஜனங்கள்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அந்த ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-இல் "இங்கே சுடக்கூடாது" என்று எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். காரணம் என்ன தெரியுமா? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். காசில்லாமல் கிடைக்கும் உரத்தை யார் விடுவார்கள்?

ஆனால் அந்த ஏரி சுமார் 75 ஏக்கர்தான். அத்தனை பறவைக்கும் அங்கே இரை போதாது. மீன், நத்தை, தவளை தேடிச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் நெல் வயல்களுக்கும் பறந்து வருகின்றன. அதாவது, படுக்கை அங்கே, சாப்பாடு நம்ம ஊரில். இங்கே கண்ணி வைத்தால் அங்கே கூட்டில் குஞ்சு பட்டினி.

ஆகவே குழுவாக ஒருமுறை போய் வாருங்கள்.

- டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். மழை பொய்த்த வருடம் பறவை குறையும். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேன் பேசுங்கள்.
- விடியற்காலையிலோ, மாலை நான்கு மணிக்கு மேலோ போங்கள். மாலையில் கரைமேல் நின்று, எந்தத் திசையிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்புகின்றன என்று பாருங்கள். நம்ம ஊர்த் திசையும் அதில் இருக்கும்.
- பளிச்சென்ற சேலை வேண்டாம். சத்தம் போடாதீர்கள். பயந்து தாய்ப்பறவை எழுந்துபோனால் காக்கா முட்டையைத் தூக்கிவிடும்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கொக்கு, நாரை பிடித்து விற்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிக்கிறவர் குடும்பம் நம்ம குழுவிலேயே இருக்கலாம். அவர்களைத் திட்டி ஒதுக்க வேண்டாம். ஆடு, கோழி வாங்க உள்கடன் கொடுக்க முடியுமா என்று பேசுங்கள். "வாங்க மாட்டோம், சமைக்க மாட்டோம்" என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாங்குகிற கை நின்றால் பிடிக்கிற கையும் நிற்கும்.

சாராயத்துக்கு எதிராக நின்ற நமக்கு இது பெரிய காரியமா?